ஒன்று புள்ளி இரண்டு நான்கு

“மனிதத் தவறு என்பது இன்றோடு முடிந்துபோன கதை. இனி இந்த ஆலையில் பிழை பிறக்காது. பிறப்பதற்கு முன்பே பிடிபட்டுவிடும்” என்று மேலாளர் எவரிஸ்தோ பாயேசா இரண்டு கைகளையும் அகல விரித்து அறிவித்தபோது, அவருக்குப் பின்னால் நின்ற ஆளுயரத் திரை கடவுச்சொல் கேட்டது.

அது தெரிந்த ஒரே ஆள் இன்ஜினியர் ஃபாபியான் லுஹான். அவர் பாதிரியாருக்குத் தீர்த்தக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தார். மெக்சிகோவின் தெலிசியாஸ் ஊரில் லாரி வாங்கினாலும் கொதிகலன் வாங்கினாலும் பாதிரியார் நீர் தெளிக்காமல் ஓட்டுவதில்லை. செயற்கை அறிவுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க முடியுமா? பாதிரியார் தாராளமாகவே தெளித்தார். இன்ஜினியர் ஒரு கையில் கிண்ணத்தோடு, மறு கையின் சட்டை நுனியால் திரையைத் துடைத்துவிட்டு, எட்டு எழுத்தைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அதைத் தானே ஏற்றிவைத்ததுபோல மேலாளர் தலை குனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

மேலாளரை லிசென்சியாதோ என்றுதான் கூப்பிட வேண்டும். பட்டதாரி என்று அர்த்தம். எதில் பட்டம் என்று கேட்டவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை.

கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒதிலியா கர்ராஸ்கோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐம்பத்தேழு வயது. ஊறுகாய் மிளகாய் அடைக்கும் தகர டப்பாவின் மடிப்பை அளப்பது அவள் வேலை. அரை மணிக்கொரு தடவை, மூடி போடும் இயந்திரத்திலிருந்து மூன்று டப்பாக்களை எடுப்பாள். மூடியும் டப்பாவும் சேரும் இடத்தில் தகரம் மடிந்து நிற்கிறதே, அதன் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, சராசரி போட்டு, சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பாள். வரைபடத்தின் நடுவில் ஒரு கோடு: ஒன்று புள்ளி இரண்டு நான்கு மில்லிமீட்டர். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. புள்ளி சிவப்பைத் தாண்டினால் பக்கத்தில் தொங்கும் மணியை அடிப்பாள். வரிசை நிற்கும். மெக்கானிக் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து உருளையை முறுக்குவான். பதினேழு வருடமாக இப்படித்தான்.

இனி அந்தச் சிவப்புக் கோடுகள் கிடையாது. ஐந்து வருடத்துப் புள்ளிகளை இயந்திரம் படித்து, எது இயல்பு, எது கோளாறு என்று தானாகக் கற்றுக்கொண்டுவிட்டதாம். கோடுகளையும் அதுவே வரைந்துகொள்ளுமாம். கோளாறு தகரத்திலா, அளந்த கையிலா என்றுகூடச் சொல்லிவிடுமாம். மணியைக் கழற்றி எடுத்துப்போனார்கள். வரிசையை நிறுத்தும் உரிமை இனி அதற்கு மட்டும்.

மேலாளர் அதற்கு வைத்த பெயர் ‘காவலன்’. மூன்றாம் நாளே தொழிலாளிகள் அதை ‘மாமியார்’ ஆக்கிவிட்டார்கள்.

மாமியாருக்கு ஒதிலியாவைப் பிடிக்கவில்லை. முதல் வாரத்திலேயே காலை ஷிஃப்டில் இருபத்திரண்டு தடவை திரை சிவந்தது. இருபத்திரண்டு தடவையும் ஒரே வாசகம்: ‘அளப்பவர் கோளாறு. மதிப்பு ஏற்கப்படவில்லை.’ வரிசை ஒரு தடவைகூட நிற்கவில்லை. மாலை ஷிஃப்டில், அளப்பவர் நெஸ்தோர் கினோனெஸின் பொறுப்பில், திரை பசும்புல்லாய் இருந்தது. மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கூட வாசலில் நெஸ்தோரின் படத்தை மாட்டினார்கள். மாதத்தின் சிறந்த தொழிலாளி. அதற்கென்றே மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்து எடுத்த படம்.

மறுநாள் இன்ஜினியர் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதிலியாவின் மேசைக்கு வந்தார். வயதில் மூத்த பெண்களை அங்கே தோன்யா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

“தோன்யா ஒதிலியா, கோவிச்சுக்காதீங்க. உங்க புள்ளியெல்லாம் ரொம்பக் குதிக்குது.”

“டப்பா குதிக்குது, இன்ஜினியரே. நான் எழுதுறேன்.”

“இங்க பாருங்க. நேத்து ரெண்டு மணிக்கு நீங்க போட்டது ஒண்ணு புள்ளி மூணு ஒண்ணு. ரெண்டரைக்கு நெஸ்தோர் போட்டது ஒண்ணு புள்ளி ரெண்டு நாலு. அதே இயந்திரம், அதே மூடி, அதே தகரம். அரை மணி நேரத்துல என்ன மாறுச்சு? ஆளு மட்டும்தான் மாறுச்சு. ஷிஃப்ட் மாறுனது தகரத்துக்குத் தெரியுமா, சொல்லுங்க?”

“தகரத்துக்குத் தெரியாது. நெஸ்தோருக்குத் தெரியும்.”

இன்ஜினியர் பெரிய மனதோடு சிரித்தார். வயதானவர்கள் பேசினால் சிரிக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“இயந்திரத்துல ரெண்டாம் நம்பர் உருளை தேஞ்சுபோச்சு” என்றாள் ஒதிலியா. “மடிப்பு இறுகல. இறுகலைன்னா கனம் ஏறும். வாங்க, காட்டுறேன். பத்தடி தூரந்தான்.”

இன்ஜினியர் தரையைப் பார்த்தார். வினிகரும் உப்புத் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு தன் காலணியைப் பார்த்தார். பழுப்பு நிறத் தோல், புதுசு.

“தரவுல எல்லாம் தெரியும் தோன்யா. நேர்ல போய்ப் பாக்கணும்னு அவசியமில்ல.”

“சரி. இந்தப் பொம்பள யாரப் பாத்துக் கத்துக்கிட்டா?”

“யாரு? ஓ, காவலனா? ஐஞ்சு வருஷப் பதிவுல எது ரொம்பச் சுத்தமா இருந்துச்சோ, அதை மட்டும் பொறுக்கிக் குடுத்தோம். வகுப்புல நல்லாப் படிக்கிறவன் தாளக் காட்டித்தானே மத்தவங்களுக்குச் சொல்லித்தருவாங்க?”

“யாரு அந்த நல்லாப் படிக்கிறவன்?”

இன்ஜினியரின் கண் சாப்பாட்டுக்கூட வாசல் பக்கம் போய் வந்தது.

ஒதிலியாவின் காதுமடல் எரிந்தது. நெஸ்தோர் எப்படிப் புள்ளி வைப்பான் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். கிடங்குப் பூனைக்கும் தெரியும். தெரியாதவர்கள் மேலாளர் அலுவலகம் இருக்கும் மாடியில் மட்டும்தான் இருந்தார்கள். திங்கள்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக் குடி இறங்காத கண்ணோடு வருவான். ஒரு பெரிய கோப்பைக் காபி. வாரம் முழுவதற்குமான தாளை மேசையில் விரித்துக்கொண்டு, நடுக்கோட்டை ஒட்டியே, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு என்று, கோலத்துக்குப் புள்ளி வைப்பவளின் பொறுமையோடு வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்து முடிப்பான். வாரத்தின் மிச்ச நேரம் தொழிற்சங்கத்துக்கு. தணிக்கைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தாளைத்தான் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவு அழகு. இப்போது தாளுக்குப் பதில் திரை வந்துவிட்டதால், அரை மணிக்கொரு தடவை எழுந்துபோய் எண்ணைத் தட்ட வேண்டிய கஷ்டம் அவனுக்கு வந்திருந்தது.

இதை இன்ஜினியரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட வேலை செய்பவனை மாடிக்குக் காட்டிக்கொடுத்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆலையில் யாரும், ரொட்டிக்குள் கறி வைத்துச் சுருட்டிய புரித்தோ தின்ன மாட்டார்கள். ஒதிலியா அடுத்த மூன்று டப்பாக்களை எடுக்கப் போனாள்.

அதற்கு அடுத்த திங்கள் கடிதம் வந்தது. இரண்டு வாரக் கண்காணிப்பு. அதற்குள் அளப்பவர் கோளாறு வாரத்துக்கு ஐந்துக்குக் கீழே இறங்காவிட்டால் வேலை நீக்கம். ஓய்வூதியத்துக்கு ஒதிலியாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஐம்பத்தேழு வயதுக்காரியை, அளக்கத் தெரியாதவள் என்று முத்திரை குத்தி அனுப்பிய பிறகு, அந்த ஊரில் எவன் வேலைக்கு வைப்பான்?

அன்று மதியம், டப்பாக்களை வேகவைக்கும் ஆவி அடுப்பின் மூடிமேல் அலுமினியத் தாளில் சுற்றிய புரித்தோக்கள் வரிசையாகச் சூடேறிக்கொண்டிருந்தன. அடுப்பை ஓட்டுபவள் நோயெமி. அவள் மகளின் ஞானஸ்நானத்தில் ஒதிலியா ஞானத்தாயாக நின்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. நோயெமி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு அதையே மடித்துப் பிடித்துணியாக்கி, சூடான புரித்தோ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“கொமாத்ரே, ஒண்ணு புள்ளி ரெண்டு நாலுன்னு எழுதிட்டுப் போயேன். கை என்ன தேஞ்சா போயிடும்?”

“உருளை தேஞ்சிருக்குடி!”

“தேயட்டும். உங்கப்பன் வீட்டு உருளையா? மாமியாருக்கு என்ன வேணும்? நடுவுல ஒரு புள்ளி. வெச்சுட்டுப் போ. என் மாமியா இருபது வருஷம் உப்புப் பத்தல உப்புப் பத்தலன்னா. ஒருநாள் ஒரு கல்லு உப்புப் போடாம, ‘இன்னிக்கு உங்க கையளவுக்குப் போட்டேன் அத்தே’ன்னு வெச்சேன். மூணு தட்டுத் தின்னா.”

அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒதிலியா சிரிக்கவில்லை.

“உன் மாமியா உப்புதான் கேட்டா. இவ என்னப் பொய் சொல்றவங்கிறா. பொய் சொல்றவன் படத்த மாட்டி வெச்சு அதுக்குக் கீழ நம்மளச் சாப்பிடச் சொல்றானுங்க. எனக்குத் தொண்டையில இறங்கல.”

“இறங்கலைன்னா எங்கிட்டக் குடு. மிளகாய்க் கறி வெச்சது.”

ஒதிலியா உண்மையைத்தான் எழுதினாள். ஒன்று புள்ளி மூன்று ஒன்று. ஒன்று புள்ளி மூன்று மூன்று. ஒன்று புள்ளி மூன்று ஐந்து. ஒவ்வொரு தடவையும் திரை சிவந்தது. மணி தொங்கிய ஆணிக்குக் கை தானாகப் போய் வெறுமனே திரும்பியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள், மாமியார் உத்தரவு இல்லாமல் கைவைத்தால் தன் சீட்டுக் கிழியும் என்றான். தளர்ந்த மடிப்போடு டப்பாக்கள் அவள் கண்ணெதிரே கடகடவென்று கிடங்குக்குப் போயின. புதன்கிழமை பதினொரு மணிக்குத் திரை அவளுக்கு முதல்தடவையாக அறிவுரையும் சொன்னது: ‘நீங்கள் களைப்பாக இருக்கலாம். சற்று ஓய்வெடுங்கள். தண்ணீர் குடியுங்கள்.’

ஒதிலியா மைக்ரோமீட்டரைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாள். பிறகு ஈரத் துணியைச் சுருட்டித் திரையின் முகத்தில் எறிந்தாள். அது சத்தென்று ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிந்து இறங்கியது.

“குடிடீ!” என்றாள்.

கண்காணிப்பின் பதினோராம் நாள் கிடங்கிலிருந்து சத்தம் வந்தது. வெளியில் நாற்பது டிகிரி வெயில். தகரக் கூரைக்குள் இன்னும் அதிகம். மேலடுக்கு டப்பாக்களின் மூடிகள் தாடை வீங்கியவன் கன்னம்போல உப்பியிருந்தன. அடுக்கு அடுக்காகச் சாய ஆரம்பித்தன. புளித்த வாடை. என்னவென்று பார்க்க மேலாளரே நேரில் போனார். ஒரு டப்பா வெடித்து அவரை வரவேற்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைக் கூட்டினார். காலரில், மிளகாயோடு சேர்த்து ஊறப்போட்ட ஒரு கேரட் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை.

அறையில் நாலு பேர். மேலாளர், இன்ஜினியர், தொழிற்சங்கப் பிரதிநிதி என்ற முறையில் நெஸ்தோர், எதிரே ஒதிலியா. மேசையில் வேலை நீக்கக் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது.

“தோன்யா ஒதிலியா” என்று மேலாளர் துக்க வீட்டுக் குரலில் ஆரம்பித்தார். “ஆறு வாரமா காவலன் நம்மள எச்சரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கோளாறு எங்கன்னு விரல் நீட்டிக் காட்டுச்சு. நாமதான் மனிதாபிமானத்தால தாமதிச்சுட்டோம்.”

“என்ன எச்சரிச்சுச்சு?” ஒதிலியா நாற்காலியில் உட்காரவே இல்லை. “மடிப்பு சரியா இருக்கு, இந்தக் கிழவிக்குத்தான் அளக்கத் தெரியலன்னு எச்சரிச்சுச்சு. மடிப்பு சரியா இருந்தா டப்பா ஏன் உப்புது, லிசென்சியாதோ? உங்க காலர்ல கேரட் ஏன் ஒட்டியிருக்கு?”

மேலாளர் காலரைத் தடவினார். கிடைத்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் உங்க ஷிஃப்ட் டப்பாக்கள்…”

“டப்பா அடியில நேரம் அடிச்சிருக்கு. நான் போய்ப் படிச்சுட்டுத்தான் வர்றேன். காலை எட்டு மணி டப்பாவும் உப்பியிருக்கு. சாயங்காலம் நாலு, ஆறு, எட்டு மணி டப்பாவும் உப்பியிருக்கு. சாயங்கால டப்பா எல்லாம் ஒண்ணு புள்ளி ரெண்டு நாலு! மாசத்தோட சிறந்த தொழிலாளி அளந்தது! எப்படி உப்புச்சு? கேளுங்களேன், பக்கத்துலதானே உக்காந்திருக்கார்!”

எல்லோரும் நெஸ்தோரைப் பார்த்தார்கள். கத்தரித்த மீசை ஓரமெல்லாம் வேர்த்தது.

“என் மைக்ரோமீட்டர்ல ஏதாச்சும் கோளாறு இருக்கும்” என்றான். “பழசுதானே. ஐஞ்சு வருஷம் உழைச்சிருக்கு, பாவம்.”

இன்ஜினியர் எழுந்தார். ஆறு வாரத்தில் முதல்தடவையாக, அந்தப் பழுப்புக் காலணியோடு, வினிகர்த் தரையில் நடந்து போய், இரண்டு மைக்ரோமீட்டர் பெட்டிகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஐந்து வருடத்துக்கு முன் ஷிஃப்டுக்கு ஒன்றாக வாங்கிய மின்னணுக் கருவி அது. ஒதிலியாவின் பெட்டி மூலையெல்லாம் உடைந்து நாடா சுற்றியிருந்தது. நெஸ்தோரின் பெட்டி நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருந்தது. இன்ஜினியர் அதைத் திறந்து பொத்தானை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு பேட்டரி மூடியைத் தள்ளிப் பார்த்தார். கடையிலிருந்து வரும்போது பேட்டரிக்கு அடியில் செருகி வருகிற பிளாஸ்டிக் நாக்கு அப்படியே இருந்தது. அதை உருவினார். கருவி கீச்சென்று ஒரு சத்தம் போட்டுக் கண் விழித்தது. பிறந்த குழந்தையின் முதல் அழுகையை எல்லோரும் கேட்டார்கள்.

இன்ஜினியர் அந்த நாக்கை உள்ளங்கையில் வைத்து மேலாளரிடம் நீட்டினார்.

“அப்போ காவலன் கத்துக்கிட்டது…”

“நெஸ்தோரோட கற்பனை” என்றாள் ஒதிலியா. “ஐஞ்சு வருஷத்துக் கற்பனையப் பொறுக்கியெடுத்து, தீர்த்தம் தெளிச்சு, மாட்டி வெச்சீங்க. அது எனக்குத் தண்ணி குடிக்கச் சொல்லித்தருது!”

நெஸ்தோர் கூரை மின்விசிறியை ஆராய்ந்தான். சங்கம் அவனைக் காப்பாற்றிவிடும் என்பதில் அறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவனுக்கும் இல்லை.

மேலாளர்தான் முதலில் சுதாரித்தார். மேலாளர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

“இதை நான் வேற கோணத்துல பாக்குறேன். காவலன் தோத்துப்போகல. நல்ல வரைபடம் எப்படி இருக்கணும்னு அது சரியாத்தான் கத்துக்கிச்சு. மூடி போடுற இயந்திரம்தான் வரைபடத்துக்குத் தகுந்த மாதிரி ஓடல.”

இன்ஜினியர் ஒரு யோசனை சொன்னார். தோன்யா ஒதிலியாவின் ஐந்து வருடப் பதிவுகளை வைத்து மறுபடி கற்பித்துவிடலாம். அளந்து எழுதியது அது ஒன்றுதானே. மேலாளர் முகம் மலர்ந்தது. இரண்டாம் பதிப்பு! தலைமையகத்துக்கு அப்படியே எழுதிவிடலாம். ஒரே ஒரு சம்பிரதாயம். ஐந்து வருடத்தில் எழுதிய ஒவ்வோர் எண்ணும் கருவியால் அளந்த எண்தான் என்று தோன்யா ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது இருந்தால் கண்காணிப்பு ரத்து, வேலை நிரந்தரம், மணியைக்கூடத் திரும்ப மாட்டித்தரலாம். வேறு தாள் கையில் அகப்படாததால் மேலாளர் வேலை நீக்கக் கடிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆறு வாரக் கோபம் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

“எழுதுறேன். பேனாவக் குடுங்க. காய்ச்சலோட அளந்தேன். எங்கம்மாவப் பொதச்ச மறுநாள் வந்து அளந்தேன். இந்தக் கையில ஆறு தையல் போட்ட அன்னிக்கு இடது கையால அளந்தேன். அளக்காம ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி வெச்சிருப்பேனா? இங்க உக்காந்திருக்குற எவனாவது நெஞ்சுல கைவெச்சு அப்படிச் சொல்ல முடியுமா? சொல்லுங்க பாப்போம்!”

எவனாலும் முடியவில்லை. நெஸ்தோர் முயற்சிகூடச் செய்யவில்லை. ஒதிலியா உறுதிமொழியை எழுதி, அப்பா வழிப் பெயரும் அம்மா வழிப் பெயரும் சேர்த்து முழுக் கையெழுத்துப் போட்டாள். அழுத்திய அழுத்தில் மறுபக்கத்து வேலை நீக்கம் கிழிந்தது.

இன்ஜினியர் அதற்குள் மடிக்கணினியில் அவளுடைய பதிவுகளைப் பிரித்தெடுக்க ஆரம்பித்திருந்தார். நேர்மையானவர்; அன்றைக்குப் பார்த்து நேர்மையாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

“தோன்யா” என்றார் தயங்கி. “உங்க பதிவுல பழைய காவலன் முழு மதிப்பெண் குடுக்குற இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தொடர்ச்சியா அஞ்சு புள்ளி. அஞ்சும் ஒண்ணு புள்ளி ரெண்டு நாலு.”

“என்னிக்கு?” என்றார் மேலாளர்.

“ரெண்டாயிரத்து இருபத்திரண்டு, நவம்பர் இருபத்திரண்டு. செவ்வாய்க்கிழமை. காலைல பத்து மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்.”

ஒதிலியா பேனாவை மூடினாள்.

அன்று மெக்சிகோ உலகக் கோப்பையில் போலந்தோடு ஆடியது. அந்த ஐந்து எண்களையும் அவள் சாப்பாட்டுக்கூடத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து எழுதியிருந்தாள்.